பழைய காரில் தொலைதூரப் பயணம்: கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கினால் செந்தூல், பத்துமலை, கிள்ளான் பக்கமிருந்து வடக்கே கிளம்பும் கார்களைப் பாருங்கள். புதுக் கார்களுக்கு நடுவே வீரா, வாஜா, கான்சில், முதல் தலைமுறை மைவி என்று பழைய கார்களும் வரிசையாகப் போகும். ஒழுங்காகப் பராமரித்தால் இவை பினாங்கு என்ன, பெர்லிஸ் வரைக்கும் போய்த் திரும்பும். ஆனால் வாரம் முழுவதும் வேலைக்கும் சந்தைக்கும் ஓடிக்கொண்டிருந்த காரை, வெள்ளிக்கிழமை இரவு கருப்பெண்ணெய் (எஞ்சின் ஆயில்) மட்டும் மாற்றிவிட்டு சனிக்கிழமை காலை ஹைவேயில் ஏற்றுவது சரியான வழி இல்லை.

நகரத்தில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் கார் தன் குறைகளை மறைத்து வைத்திருக்கும். ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் சமாளிக்கும், டயர் காய்ந்திருந்தாலும் தாங்கும். அதே கார் ஐந்து பேரையும் பெட்டிகளையும் சுமந்து, ஏர்கோன் முழு வேகத்தில் ஓட, மணிக்கு 110 கிலோமீட்டரில் இரண்டு மணி நேரம் போகும்போது எஞ்சினில் பிறக்கும் சூடு நின்று இறங்கவே இடம் கிடைக்காது. நமக்குக் கோடை என்று தனிப் பருவம் இல்லாவிட்டாலும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கெடா, பெர்லிஸ், பினாங்கு பக்கம் வெயில் கடுமையாக இருக்கும். நாட்டில் பதிவான அதிகபட்ச வெப்பநிலை பெர்லிஸின் சூப்பிங்கில்தான்: 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 டிகிரி செல்சியஸ். பழைய கார் வழியில் நிற்பதற்கு வயதைவிட சூடுதான் பெரும்பாலும் காரணம். அதனால் இந்த வழிகாட்டியிலும் அதற்கே அதிக இடம்.

மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்

எல்லா வேலையையும் மூன்று வாரத்துக்கு முன் ஆரம்பித்து, பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முடித்துவிட வேண்டும். புதிதாகப் போட்ட ஹோஸின் கிளிப் சரியாக இறுகாமல் இருக்கலாம். புது வாட்டர் பம்ப்பின் ஓரத்தில் கசிவு இருக்கலாம். புதுப் பொருளின் கோளாறு முதல் சில நாள் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். அது வீட்டுப் பக்கத்தில் தெரிந்தால் போமனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) திரும்பக் கொண்டுபோகலாம், சிலிம் ரிவர் தாண்டித் தெரிந்தால் என்ன செய்வது? மாற்றிய பொருளோடு ஒரு வாரமாவது ஊருக்குள் ஓட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் பட்டறைகளில் கூட்டமும் அதிகம். அவசரத்தில் செய்யும் வேலை அவசர வேலையாகத்தான் இருக்கும்.

பட்டறைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். இரவு காரை நிறுத்தியதும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் பெரிய அட்டையை விரித்து வையுங்கள். முன் சக்கரம் நிற்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துக்கொண்டால், எந்தச் சொட்டு எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று காலையில் கண்டுபிடிக்கலாம். கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். சிவந்து எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ஆட்டோ கியர் எண்ணெய் அல்லது பவர் ஸ்டீயரிங் எண்ணெய். பச்சை, இளஞ்சிவப்பு, நீல நிறத்தில், காய்ந்த பிறகு ஓரத்தில் பொடி மாதிரித் தெரிந்தால் கூலண்ட். சக்கரத்தின் உள்பக்கம் நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ வழுக்கினால் பிரேக் எண்ணெய். அந்தக் காரை அதற்குமேல் ஓட்டவே கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் சொட்டியிருந்தால் பெரும்பாலும் ஏர்கோன் தண்ணீர்தான், கவலை வேண்டாம்.

இந்த அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போய், "அண்ணே, இந்த இடத்தில இது சொட்டுது" என்று போமனிடம் காட்டுங்கள். "எல்லாம் பார்த்துக் கொடுங்க" என்று சொல்வதைவிட இது பத்து மடங்கு பயன் தரும். எப்போது எதை மாற்றினீர்கள் என்ற பில்லும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. பழைய உரிமையாளரிடமிருந்து வாங்கிய கார், பில் எதுவும் இல்லை என்றால், சந்தேகம் உள்ள எதையும் மாற்றியதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரூட்டும் பகுதி: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, காலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் விளிம்பு வரை இருக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்தால் துரு நிறம் ஒட்டக் கூடாது, எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. பழைய கார்களில் பல வருடமாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருப்பார்கள். "நம்ம ஊரில பனியா உறையப் போகுது, கூலண்ட் எதுக்கு?" என்ற கேள்வியும் வழக்கமாக வரும். உறையாமல் தடுப்பது அதன் ஒரு வேலைதான். உள்ளே துருவும் உப்பும் படியாமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும்தான் நமக்கு வேண்டிய வேலைகள். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைப்பது அந்தத் துருவும் உப்பும்தான்.

பழைய தண்ணீரை முழுக்க இறக்கி, சுத்தத் தண்ணீர் விட்டு எஞ்சினை ஓட்டி, மறுபடி இறக்கி, கலங்கல் இல்லாமல் வரும்வரை செய்யச் சொல்லுங்கள். அப்புறம் கலந்தே விற்கும் கூலண்ட், அல்லது அடர் கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி. உள்ளே இருப்பது என்ன வகை என்று தெரியாமல் வேறு வகையை மேலே ஊற்ற வேண்டாம், சில வகைகள் கலந்தால் களிபோல் திரளும். ஊற்றிய பிறகு மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் ஓரிரு முறை சுற்றி நிற்கும்வரை காத்திருந்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இந்தக் காத்திருப்பை அவசரப்படும் பட்டறைகள் விட்டுவிடும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது பிரஷர் குக்கர் மூடி மாதிரி. உள்ளே சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 டிகிரி அளவுக்குத் தாங்குகிறது. மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ரப்பர் வளையம் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். நகத்தால் அழுத்தினால் அது மெத்தென்று உள்வாங்கித் திரும்ப வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தாலோ, ரேடியேட்டர் வாயின் விளிம்பு அதில் ஆழமாகத் தடம் பதித்திருந்தாலோ, நடுவிலுள்ள சின்னத் தட்டை இழுத்துவிட்டால் திரும்பாமல் நின்றாலோ அழுத்தம் நிற்காது. ஊருக்குள் அதன் விளைவு தெரியாது, ஹைவே ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வெளியேறும். விலை மிகக் குறைவு. அதே அழுத்த எண் பொறித்த புது மூடியை வாங்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்து ரேடியேட்டர். மேல் தொட்டி பிளாஸ்டிக் என்றால் அதன் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு மாறிப் பழுப்பேறி, ஹோஸ் சேரும் கழுத்தில் மெல்லிய கோடுகள் ஓடினால் அதன் ஆயுள் முடிந்தது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் மடிப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு இருந்தால் ஏற்கெனவே கசிகிறது. ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இலை, பூச்சி, தூசி அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அழுத்தக் குழாயைக் கிட்டே பிடித்து அடித்தால் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் எஞ்சின் ஆறியிருக்கும்போது அமுக்கிப் பாருங்கள். நொறுநொறுவென்றோ கொழகொழவென்றோ இருந்தால் மாற்ற வேண்டும். கிளிப் இறுக்கிய இடத்துக்கு அருகே வீக்கமோ வெடிப்போ இருக்கிறதா என்றும் பாருங்கள், ஹோஸ் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். எஞ்சின் பின்பக்கம் மறைந்திருக்கும் சின்ன ஹோஸ்களை மறந்துவிட வேண்டாம்.

ஃபேன் சோதனை எளிது. எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். ஏர்கோன் இல்லாமல் நின்ற இடத்திலேயே விட்டால், சூட்டு முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்று, ஃபேன் தானாக ஓடி, சற்று நேரத்தில் தானாக நிற்க வேண்டும். முள் பாதியைத் தாண்டிய பிறகுதான் ஃபேன் ஓடுகிறது, அல்லது சத்தம் போட்டு மெதுவாகச் சுற்றுகிறது என்றால் மோட்டாரையோ சுவிட்சையோ பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பழைய கார் சூடானால் "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிடலாம், ஜில்லுனு ஓடும்" என்று சொல்லும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. அது 80 முதல் 90 டிகிரிக்குள் திறந்து எஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருக்கும் வால்வு. கழற்றினால் எஞ்சின் நகர ஓட்டத்தில் சூடேறாமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயில் கெடும். அதைவிட முக்கியமாக, ரேடியேட்டர் அடைப்பு என்ற உண்மையான நோய் மறைந்துவிடும். முள் எப்போதும் கீழேயே கிடப்பதைப் பார்த்து நிம்மதியாகக் கிளம்புவோம், ஈப்போ தாண்டி ஏற்றத்தில் அது திடீரென்று ஏறும். உங்கள் காரில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் குறைகிறது, ஆனால் எங்கும் கசிவில்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் நுரை. மூடி திறந்த ரேடியேட்டரில் எஞ்சின் ஓடும்போது குமிழிகள் நிற்காமல் வருகின்றன. இவை ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போனதன் அடையாளங்கள். கசிவு அடைக்கும் மருந்தை ஊற்றி ஒப்பேற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பவே வேண்டாம். அதைச் சரிசெய்ய நேரமில்லை என்றால் வாடகைக் கார் எடுங்கள், அல்லது பேருந்தில் போங்கள்.

பெல்ட்டுகள்

வீரா, வாஜா, பழைய சாகா, கான்சில் போன்றவற்றில், வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட். முதல் மைவியின் 1.3 எஞ்சினில் டைமிங் செயின். பெல்ட் என்றால் பொதுவாக 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். குறைவாக ஓடும் காராக இருந்தாலும் ரப்பர் ஐந்து, ஆறு வருடத்தில் முதிர்ந்துவிடும். எப்போது மாற்றியது என்று தெரியாது என்றால் மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நிற்கும். பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும், செலவு ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகும். பிரித்த கையோடு டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப், ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான்.

வெளியே ஓடும் ஃபேன் பெல்ட், ஏர்கோன் பெல்ட்டுகளைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். குறுக்கே வெடிப்பு இருந்தாலோ, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினாலோ மாற்ற வேண்டும். கழற்றிய பழைய பெல்ட் அறுந்துபோகும் நிலையில் இல்லாவிட்டால் தூக்கி எறியாமல் பூட்டில் (காரின் பின்பக்கச் சாமான் அறையில்) வையுங்கள்.

டயர்

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஆறு வயதைத் தாண்டிய டயரில் முழுச் சுமையோடு ஹைவேயில் போக நான் சம்மதிக்க மாட்டேன். அடிக்கடி ஓடாத காரில்தான் இந்த ஆபத்து அதிகம். டயர் புதிது போலவே தெரியும், ஆனால் வெயிலில் நின்று ரப்பர் காய்ந்திருக்கும். பக்கச் சுவரை விரலால் அழுத்திப் பிரித்துப் பாருங்கள், மெல்லிய வெடிப்புகள் வலைபோல் தெரிந்தால் அது முடிந்த டயர். பக்கவாட்டில் முட்டை அளவு வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது, அதை ஊருக்குள்கூட ஓட்டக் கூடாது.

பள்ளத்தின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மேல் திடீரென்று கொட்டும் மழையில், தண்ணீர் தேங்கிய சாலையில், அந்த அளவு போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தாலே மாற்றுவதுதான் நல்லது. பழைய டயர் விற்கும் கடையில் விலை மலிவாக இருக்கும், ஆனால் அது எந்த விபத்துக் காரிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான்கும் வாங்க முடியாவிட்டால் இரண்டு புதிதாக வாங்கி, அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலோரால் காரைத் திருப்பிக் கட்டுப்படுத்த முடியாது.

உள்ளங்கையைப் பள்ளத்தின் மேல் வெளியிலிருந்து உள்ளே, பிறகு உள்ளிருந்து வெளியே தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் உறுத்தினால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தவறியிருக்கிறது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தாலும் அதேதான். புது டயர் போட்டும் அலைன்மென்ட் செய்யாமல் கிளம்பினால் அந்தக் காசு வீண்.

காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சிட்டையைப் பார்த்து வையுங்கள். பெரும்பாலான கார்களில் முழுச் சுமைக்கு என்று தனி எண் இருக்கும், பயணத்துக்கு அதுதான். டயர் ஆறியிருக்கும்போது, வீட்டிலிருந்து பக்கத்துப் பெட்ரோல் நிலையம் வரை மட்டும் ஓட்டிப்போய் அளக்க வேண்டும். "வெயிலில வெடிச்சிடும்" என்று காற்றைக் குறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தலைகீழ். காற்றுக் குறைந்த டயர்தான் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

ஸ்பேர் டயரிலும் காற்று பாருங்கள். அதோடு நிறுத்தாமல், வீட்டு வாசலிலேயே காரில் உள்ள ஸ்பேனரால் நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டைத் தளர்த்திப் பாருங்கள். டயர் கடையில் காற்றழுத்தக் கருவியால் இறுக்கிய நட்டைக் கையால் அசைக்கவே முடியாமல் போகும். அதை வீட்டில் தெரிந்துகொள்வது நல்லது.

பிரேக்

முன்சக்கர பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். பின்சக்கர டிரம்மையும் திறந்து ஷூவையும் உள்ளே எண்ணெய்க் கசிவையும் பார்க்கச் சொல்லுங்கள், முன்சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கலாம். கேமரன் மலையிலிருந்து தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கும் பழைய சாலையிலோ, கெந்திங் இறக்கத்திலோ பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எண்ணெய் கொதித்து மிதி தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு மேலானால் முழுக்க மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள். ஆட்டோ காரிலும் 2 அல்லது எல் அதற்குத்தான் இருக்கிறது.

எண்ணெய், மின்சாரம், பெட்ரோல் குழாய்

எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்கட்டும். கையேட்டில் உள்ள தடிப்பைப் பின்பற்றுங்கள். தேய்ந்த எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்றால், அந்தக் கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் சற்றுத் தடித்த ஆயில் போடலாம். எவ்வளவு குடிக்கிறது என்று மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டு அதற்கேற்பக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ கியர் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்துக் கருகிய வாடை வந்தால் கியர்பாக்ஸ் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. நீண்ட நாள் மாற்றாத கியர்பாக்ஸை, பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது இயந்திரம் போட்டுக் கழுவுவது ஆபத்து. தெரிந்த போமனைக் கேட்டு முதல் வாரத்திலேயே முடிவெடுங்கள்.

வெப்பத்தில் பேட்டரி சீக்கிரம் சாகும். நம்மூரில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் சோதித்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் அளவும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும். இரண்டாவது எண் குறைந்தால் கோளாறு ஆல்டர்நேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம், புதுப் பேட்டரி வாங்கிப் பயனில்லை.

எஞ்சின் அருகில் பெட்ரோல் வாடை வந்தால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. ரப்பர் பெட்ரோல் குழாய் இருபது வருட வெப்பத்தில் இறுகி, மடங்கும் இடத்தில் வெடிக்கும். அதற்குக் கீழேயே சூடான எக்ஸாஸ்ட். பழைய கார் தீப்பிடிப்பதற்கு இதுவும், பிறகு சேர்த்த ஆடியோ, விளக்குகளின் ஒழுங்கற்ற வயரிங்கும் முக்கியக் காரணங்கள். குழாயையும் கிளிப்பையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்ற அதிகச் செலவாகாது.

கார் குழியில் ஏறினால் கடகடவென்று சத்தம் வருகிறதா, ஸ்டீயரிங் நடுங்குகிறதா, முழுக்கத் திருப்பி ஓட்டினால் டக்டக் என்கிறதா என்றும் கவனியுங்கள். லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டிரைவ் ஷாஃப்ட் பூட் (ரப்பர் உறை), அப்சோர்பர் ஆகியவற்றைக் காரைத் தூக்கிவைத்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வைப்பர் ரப்பரை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். மஞ்சளேறிய முகப்பு விளக்கை மெருகேற்றினால் இரவுப் பயணத்தில் வித்தியாசம் தெரியும்.

சோதனை ஓட்டம்

வேலையெல்லாம் முடிந்த பிறகு, பயணத்துக்கு முந்தைய ஞாயிறு அன்று காராக் ஹைவேயில் கெந்திங் செம்பா வரை ஏறிப் பாருங்கள். கோம்பாக்கிலிருந்து நீளமான ஏற்றம், எஞ்சினுக்கு இதைவிட நல்ல பரிட்சை பக்கத்தில் இல்லை. முடிந்தால் வெயில் நேரத்தில், வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு, ஏர்கோன் போட்டுப் போங்கள். ஏறும்போது சூட்டு முள் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டே வரட்டும். மேலே நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பானெட்டைத் திறந்து கசிவு, வாடை, சத்தம் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம். இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். மறுநாள் காலை மறுபடி அட்டையை விரித்து, தண்ணீரையும் ஆயிலையும் அளந்து பாருங்கள். ஏதாவது குறைந்திருந்தால், சரிசெய்ய இன்னும் சில நாள் இருக்கிறது.

பூட்டில் என்ன இருக்க வேண்டும்

ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் ஆயில், கொஞ்சம் கூலண்ட். ஜம்பர் கேபிள், உருகிகள், ஓரிரு ஹோஸ் கிளிப், கேபிள் டை, தடித்த ஒட்டு நாடா, கையுறை, டார்ச். சிகரெட் லைட்டரில் இயங்கும் சின்னக் காற்றுப் பம்ப் மிகவும் உதவும். முக்கோணப் பலகையும், ஒளி பட்டால் மின்னும் மேலாடையும் பெட்டிகளுக்கு அடியில் புதையாமல் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் முன் இருக்கைக்கு அருகில். ஜாக்கியை ஒருமுறை தூக்கி இறக்கிப் பாருங்கள்.

காப்புறுதியில் இலவச இழுவைச் சேவை எத்தனை கிலோமீட்டர் வரை என்று பாலிசியைப் படித்து, அதன் எண்ணைக் கைப்பேசியில் சேமியுங்கள். சாலை வரி 2023 முதல் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் இருக்கிறது, காலாவதி தேதியை அதிலேயே பார்த்துவிடலாம். சுங்கக் கட்டணத்துக்கு டச் என் கோ அட்டையில் பணம், மானிய விலைப் பெட்ரோலுக்கு மைகார்டு (அடையாள அட்டை). பின் இருக்கையிலும் இருக்கைப் பட்டை 2009 முதல் கட்டாயம், சிறு பிள்ளைகளுக்கான இருக்கை 2020 முதல். பழைய காரில் பின்பட்டைகள் சீட்டுக்கு அடியில் போய்விட்டிருக்கும், முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள்.

சாலையில்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஈப்போவைத் தாண்டிவிடலாம். ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கப்பாதை நோக்கி ஏறும் பகுதிதான் வடக்குப் பயணத்தில் பழைய காருக்குச் சோதனையான இடம். லாரிகள் ஊர்ந்து ஏறும், பண்டிகை நாளில் நின்று நின்று நகர வேண்டியிருக்கும். காற்று வேகமாக வராத நேரத்தில் ஏற்றமும் ஏர்கோனும் சேர்ந்தால் சுமை முழுக்க ஃபேன் மேல் விழும். முள் வழக்கமான இடத்தைத் தாண்டத் தொடங்கியதும் ஏர்கோனை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதை முழுக்கத் திறங்கள். உள்ளே வேகும், ஆனால் எஞ்சினின் சூடு கொஞ்சம் அந்த வழியாக இறங்கும். பழைய காரை 110-இல் விரட்டாமல் 90, 95-இல் இடப்பாதையில் ஓட்டினால் சூடும் குறையும், பெட்ரோலும் மிச்சம். தாப்பா, சிம்பாங் பூலாய் போன்ற ஓய்விடங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சக்கரங்களைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கிளந்தானுக்கு கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை வழியாகப் போகிறவர்கள் கிரிக்கில் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஜெலி வரை காடுதான், யானைகள் நடமாடும் இடம். இருட்டிய பிறகு அந்த வழி வேண்டாம். எங்கே போனாலும் டேங்க்கைக் கால்பங்குக்குக் கீழே விடாதீர்கள், டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பை அந்தப் பெட்ரோல்தான் குளிர்விக்கிறது.

முள் சிவப்பைத் தொட்டால், அல்லது ஆவி வந்தால், பாதுகாப்பாக ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் போய்விடலாம் என்று ஓட்டும் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளையும். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்காவது தொடாதீர்கள், அதன் பிறகும் தடித்த துணி போட்டு மெதுவாகத் திருப்புங்கள். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அவசரப் பாதையில் நின்றுவிட்டால் எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். வெயில் கொளுத்துகிறது என்று பிள்ளைகளைக் காருக்குள் உட்கார வைக்காதீர்கள். அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிளும், சில நேரம் தூங்கி வழியும் லாரியும் வரும். முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, பிளஸ் ஹைவே என்றால் 1800-88-0000 எண்ணை அழையுங்கள். அருகிலுள்ள கிலோமீட்டர் பலகையின் எண்ணைச் சொன்னால் ரோந்து வண்டி சரியாக வந்து சேரும். நீங்கள் அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரியிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

பினாங்கு போய்ச் சேர்ந்ததும் கார் சரியாகத்தானே வந்தது என்று திரும்பும் நாள் வரை பானெட்டைத் திறக்காமல் இருந்துவிடக் கூடாது. மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில், ரேடியேட்டர் தண்ணீர், ஆயில், நான்கு டயரின் காற்று மூன்றையும் பாருங்கள். வீட்டில் அளந்ததைவிடத் தண்ணீர் இறங்கியிருந்தால் அன்றே பட்டர்வொர்த்திலோ ஜார்ஜ்டவுனிலோ ஒரு பட்டறையில் காட்டிவிடுங்கள். பண்டிகை நாளில் கடை மூடியிருக்கும், அதனால் முதல் நாளே பார்ப்பது நல்லது. திரும்பும்போது சாமான்கள் கூடியிருக்கும், அதற்கும் சேர்த்துக் காற்று வையுங்கள்.